பெற்றோரை உட்காரவைக்கும் பள்ளி

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவு நாளையொட்டிக் கெலமங்கலத்தில் நிகழ்த்திய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதர் பெயரில் நடக்கும் சொற்பொழிவு என்றால் அவருடைய பௌத்தத்தைப் பற்றியோ, தமிழ் ஆராய்ச்சியைப் பற்றியோ, சாதி ஒழிப்புச் சிந்தனையைப் பற்றியோ பேசுவது வழக்கம். அவற்றைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் பேசப்போவது சிறிய விஷயம் ஒன்றைப் பற்றி. நம் காலனியில் இருக்கும் தொடக்கப் பள்ளிக்கு ஒரு தாய் தன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். அந்தப் பள்ளி அவளை எப்படி எதிர்கொள்கிறது? என்ன சொல்லிக் கூப்பிடுகிறது? உட்காரச் சொல்கிறதா, நிற்கவைத்தே அனுப்பிவிடுகிறதா? அடுத்த மாதம் பள்ளி திறக்கப்போகிறது. அதற்குள் இதைப் பேசிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

பண்டிதர் 1914 மே 5 அன்று மறைந்தார். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது. இந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்துக் கதவு நம் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டது என்று சொல்கிறோம். ஓரளவு உண்மைதான். ஆனால் பிள்ளைக்குத் திறந்த கதவு, பிள்ளையின் குடும்பத்துக்கும் திறந்ததா? இதுதான் என் கேள்வி.

கேட்டுக்கு வெளியே

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். பக்கத்துத் தெருவில் கன்னடம். சந்தையில் எல்லாம் கலந்து. பள்ளிக்கூடத்தில் மட்டும் தமிழ். நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பள்ளி ஊருக்குள் இருந்தது. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். களையெடுத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து பாதி வேலையில் வந்தவர், தாழ்வாரத்தின் படிக்குக் கீழேயே நின்றுவிட்டார். ஏறாதே என்று யாரும் சொல்லவில்லை. ஏறு என்றும் சொல்லவில்லை. தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டார். பிள்ளை பெயர் என்ன, அப்பன் பெயர் என்ன, பிறந்தது எப்போது. அம்மாவுக்குத் தேதி தெரியாது. ராகி அறுப்பு முடிந்த பிறகு என்றார். தலைமையாசிரியர் சிரித்துவிட்டு ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிக்கொண்டார். இன்றும் என் சான்றிதழ்களில், ஆதாரில், வாக்காளர் அட்டையில் இருப்பது அந்தத் தேதிதான். ராகி அறுப்பு ஜூனில் வராது என்பது அவருக்கும் தெரியும்.

அம்மாவின் பெயரை அவர் கேட்கவே இல்லை. அதன்பிறகு நான் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரை அம்மா அந்தப் பள்ளிக்குள் வந்ததில்லை. நான் படிக்கிறேனா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று ஆயாம்மாவிடம் கேட்டுவிட்டுப் போவார்.

சமூகவியல் படிக்கப் போனபோது பாடப்புத்தகத்தில் 'பெற்றோர் ஈடுபாடு' என்று ஒரு தலைப்பு இருந்தது. அடித்தட்டுப் பெற்றோர் பிள்ளைகளின் படிப்பில் ஈடுபாடு காட்டுவதில்லை, பள்ளிக் கூட்டங்களுக்கு வருவதில்லை என்று எழுதியிருந்தார்கள். வேப்பமரத்தடியில் நின்ற அம்மாவை அந்தக் கணக்கில் எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்று எனக்குப் புரியவில்லை. அவர் வராமல் இல்லை. வந்தார். வந்தவரை உள்ளே கூப்பிட ஆளில்லை.

ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்' தன்வரலாற்றை இங்கே பலர் படித்திருப்பீர்கள். உத்தரப் பிரதேசத்துப் பர்லா கிராமத்தில், வகுப்பில் உட்கார வேண்டிய சிறுவனைத் தலைமையாசிரியர் நாள்கணக்கில் பள்ளி வளாகத்தைப் பெருக்கவைக்கிறார். தற்செயலாக அந்த வழியே போன தகப்பன் அதைப் பார்த்துவிடுகிறார். பையன் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஆசிரியரைக் கேள்வி கேட்கிறார். நம் இலக்கியத்தில் நான் மறக்காத தகப்பன் அவர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தகப்பனைப் பள்ளி அழைக்கவில்லை. சண்டைக்காகத்தான் அவர் பள்ளிக்குள் வர முடிந்தது. நம் அப்பா அம்மாக்களுக்கு இன்றுவரை இரண்டே வழிதான் இருக்கிறது. வெளியே நிற்பது, அல்லது சண்டைக்கு வருவது. மூன்றாவது வழி ஒன்று வேண்டும்.

நமக்கென்று பள்ளி வந்த கதை

1891 டிசம்பரில் நீலகிரியில் பண்டிதர் கூட்டிய திராவிட மகாஜன சபை மாநாட்டின் கோரிக்கைகளில் கல்வியும் இருந்தது. 1894இல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றுக்குப் பக்கத்தில் நம் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் சென்னையில் இன்னும் நான்கு பள்ளிகள் வந்தன. மயிலாப்பூரில் வந்ததற்குத் திருவள்ளுவர் பெயர். பஞ்சமர் பள்ளிகள் என்று அவற்றை அழைத்தார்கள். பண்டிதர் ஆல்காட்டோடு சேர்ந்து இயங்கியதும், 1898இல் அவரோடு இலங்கைக்குப் போய்ப் பௌத்தம் தழுவியதும் நீங்கள் அறிந்ததே. பெசன்ட் நகரில் ஆல்காட் பெயரிலான பள்ளி இன்றும் நடக்கிறது.

1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். 1920களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை நம் மக்களுக்கெனத் தனிப் பள்ளிகளைத் திறந்தது. லேபர் பள்ளி என்று நம் தாத்தா பாட்டிகள் சொன்னது அவற்றைத்தான். பின்னால் அவை அரிசன நலப் பள்ளிகளாகி, இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் என்று பெயர்ப்பலகை தாங்கி நிற்கின்றன.

தனிப் பள்ளி எதற்காக வந்தது? பொதுப் பள்ளிகளில் பல அக்கிரகாரத்திலும் கோயில் மண்டபத்திலும் ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையிலும் நடந்தன. நம் பிள்ளைகள் அந்தத் தெருவுக்குள் நடக்கவே முடியாது. அம்பேத்கர் சாத்தாராவில் வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கின்மேல் தனியே உட்கார்ந்து படித்ததையும், பியூன் வந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர் குடிக்க முடிந்ததையும் நாம் திரும்பத் திரும்பப் பேசுகிறோம். அந்தக் கொடுமைக்கு மாற்றாகத்தான் தனிப் பள்ளி வந்தது. நம் தெருவில், நம் கண்ணெதிரில், பிள்ளை யாருக்கும் பயப்படாமல் போய்வரும்படி.

ஆனால் அந்தப் பள்ளிகளிலும் ஒரு குறை இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பண்டிதருக்கு நாம் செய்யும் மரியாதை பொய்யாகிவிடும். ஆல்காட்டுக்கு நம் மக்கள்மீது இரக்கம் இருந்தது. ஆனால் அவர் நினைத்த கல்வி அளவானது. கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் கணக்கு, சமையல், பிழைப்புக்கு உதவும் பழக்கங்கள். அதற்குமேல் போக வேண்டியதில்லை என்பதே அவர் நோக்கு. உன் பிள்ளை இவ்வளவு படித்தால் போதும் என்று வேறு ஒருவர் முடிவு செய்கிற பள்ளியில் பெற்றோருக்கு என்ன வேலை இருக்கும்? நன்றி சொல்கிற வேலை மட்டும்தான்.

பண்டிதர் அந்த எல்லையில் நிற்கவில்லை. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, நம் மக்களே வாசித்து, எழுதி, விவாதிக்கும் இடம் ஒன்றை உண்டாக்கினார். அவர் மறைந்த பிறகு அவருடைய நூல்களை அச்சிட்டுக் காப்பாற்றியது, இங்கிருந்து எல்லை தாண்டினால் எட்டிவிடும் கோலார் தங்கவயல். சாம்பியன் ரீஃப்ஸ் சித்தார்த்த புத்தகசாலை. சுரங்கத்துக்குள் இறங்கியவர்களின் குடியிருப்பிலிருந்து அந்தப் புத்தகங்கள் வெளிவந்தன. இலவசமாக வாங்கிக்கொள்கிறவர்களாக மட்டும் அவர்கள் இருந்திருந்தால் இன்று நமக்குப் பண்டிதரே கிடைத்திருக்க மாட்டார்.

இன்னொரு பெயரையும் சேர்த்துக்கொள்கிறேன். புனேயில் 1848இல் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய ஜோதிராவ், சாவித்திரிபாய் பூலே தம்பதியர் 1855இல் உழைப்பாளிகளுக்கு இரவுப் பள்ளி நடத்தினார்கள். பகலில் உழைத்துவிட்டு வருகிற பெரியவர்களும் படிக்க வேண்டியவர்கள், அவர்களுக்கு ஏற்ற நேரத்தில் பள்ளி திறந்திருக்க வேண்டும் என்று 170 ஆண்டுகளுக்கு முன்பே அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

'வாங்க மேடம்'

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கைப் பேரணி நடக்கிறது. முன்னால் பறை, பின்னால் பதாகை. பதாகையில் என்ன எழுதியிருக்கிறது? இலவசச் சீருடை, இலவசப் புத்தகம், இலவசப் பை, காலை உணவு, மதிய உணவு, முட்டை. இவையெல்லாம் போராடிப் பெற்றவை. 1956இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கியதும், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்ததும், 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் வந்ததும் நம் பிள்ளைகளின் வயிற்றுக்குத் தெரியும். அதைக் குறைத்துப் பேசமாட்டேன். என் கேள்வி பதாகையைப் பற்றியது. அதே தெருவில் ஒட்டியிருக்கும் தனியார் பள்ளி விளம்பரத்தில் 'இலவசம்' என்ற சொல்லே இருக்காது. 'உங்கள் குழந்தை, உங்கள் கனவு' என்று இருக்கும். ஒரு பதாகை நம்மைப் பயனாளி என்கிறது. இன்னொன்று நம்மைப் பெற்றோர் என்கிறது.

போன ஆண்டு வீடுவீடாகப் போனபோது ஒரு தங்கை சொன்னதை அப்படியே சொல்கிறேன். கைபேசி உதிரிபாக ஆலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவள். மகனை வேன் வருகிற பள்ளியில் சேர்த்திருந்தாள். நான் அரசுப் பள்ளியைப் பற்றிப் பேசிக்கொண்டே போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அக்கா, நீங்க சொல்றது எல்லாம் சரி. அந்த ஸ்கூல்ல நான் போனதும் 'வாங்க மேடம், உக்காருங்க'ன்னாங்க. எங்க அம்மாவ ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டதில்ல. என்னையும் அன்னிக்குத்தான் கூப்பிட்டாங்க."

எனக்குப் பதில் வரவில்லை. ஆங்கில மோகம், தனியார் மோகம் என்று கட்டுரைகளில் எழுதிவிடுகிறோம். அவள் கட்டணம் கட்டி வாங்கியது ஆங்கிலத்தை மட்டும் அல்ல. அந்த நாற்காலியை. மூன்று தலைமுறையாகப் படிக்குக் கீழே நின்ற குடும்பம் முதல்முறையாகப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததற்குக் கொடுத்த விலை அது. அவளைக் குறை சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

எனக்குத் தனிப்பட்ட முறையிலும் அந்த உரிமை இல்லை. என் மகளையும் தனியார் பள்ளியில்தான் சேர்த்தேன். மேடையில் அரசுப் பள்ளியைக் காப்போம் என்று பேசிவிட்டு, காலையில் அவளை வேனில் ஏற்றி அனுப்பினேன். அந்தப் பள்ளியிலும் எனக்கு 'மேடம்' கிடைத்தது. பெருந்தொற்றுக் காலத்தில் கட்டணம் நிலுவையாயிற்று. அப்போது அந்த 'மேடம்' போய்விட்டது. இணைய வகுப்பிலிருந்து மகளின் பெயரை எடுத்துவிட்டார்கள். அலுவலகத்தில் கேட்கப் போனபோது நான் நின்றுகொண்டுதான் பேசினேன். என் அம்மா நின்றது நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டுதான் மகளைக் காலனிப் பள்ளியில் சேர்த்தேன். கொள்கைக்காகச் சேர்த்தேன் என்று இங்கே சொன்னால் அது பொய். கையில் பணம் இல்லை, அதனால் சேர்த்தேன். அந்த ஆண்டு தமிழ்நாடு முழுக்க லட்சக்கணக்கான குடும்பங்கள் அப்படித்தான் அரசுப் பள்ளிக்கு வந்தன.

வந்தவர்களை நாம் தக்கவைத்துக்கொண்டோமா? கையில் கொஞ்சம் காசு வந்ததும் பல குடும்பங்கள் திரும்பிப் போய்விட்டன. கட்டணம் கேட்காத பள்ளி அவர்களுக்கு எல்லாவற்றையும் கொடுத்தது. மரியாதையைக் கொடுக்க மறந்துவிட்டது. தனியார் பள்ளி விற்பது காசு தீர்ந்ததும் தீர்ந்துவிடும் மரியாதை. காசில்லாமலும் தீராத மரியாதையைத் தரக்கூடியது நம் பள்ளிதான். அதைத் தரவைப்பதே நம் வேலை.

தண்ணீர் கேட்ட பிள்ளை

மரியாதை என்பது நாற்காலி மட்டும் அல்ல, மொழியும்தான். கெலமங்கலம், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் நம் மக்களே மூன்று மொழி பேசுகிறார்கள். பள்ளிக்கு மாறுதலாகி வரும் ஆசிரியர் பெரும்பாலும் வெளியூர்க்காரர். ஒன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் இருந்த பையன் 'நீள்ளு' என்று கேட்டான். தெலுங்கில் தண்ணீர். டீச்சருக்குப் புரியவில்லை. எது நீளம் என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அவன் மறுபடி கேட்கவில்லை. அன்று மதியம்வரை தண்ணீர் குடிக்கவும் இல்லை. அம்பேத்கருக்குப் பியூன் இல்லாததால் தண்ணீர் கிடைக்கவில்லை. இவனுக்குச் சொல் இல்லாததால் கிடைக்கவில்லை.

2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி எல்லாப் பிள்ளைகளும் தமிழ் படிக்க வேண்டும். அதில் எனக்கு மறுப்பு இல்லை. தமிழ்தான் எனக்குப் பண்டிதரைக் கொடுத்தது, இந்த மேடையைக் கொடுத்தது. ஆனால் இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் சொல்கிறது. தமிழுக்கு வரும் படிக்கட்டு வீட்டு மொழியாக இருக்கட்டும். அதற்குப் பெரிய திட்டம் வேண்டாம். காலனியிலிருந்து ஓர் அம்மாவோ பாட்டியோ முதல் இரண்டு மாதம் ஒன்றாம் வகுப்பில் உடன் உட்கார்ந்திருந்தால் போதும். பிள்ளை என்ன கேட்கிறது என்று டீச்சருக்குச் சொல்ல ஒருவர். அன்றைக்கு அந்தப் பாட்டி பள்ளிக்குத் தேவைப்படுகிறவர் ஆகிறார்.

சட்டம் கொடுத்த இடம்

மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2009ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. பெற்றோரை முறையாகக் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றி அவர்களிடம் சொல்ல வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஆக, பெற்றோரை அழைத்துப் பேசுவது ஆசிரியரின் பெருந்தன்மை அல்ல. அது அவருடைய பணி.

21ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட, நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு விகிதப்படி இடம் வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதுவதும், வந்த பணம் எப்படிச் செலவானது என்று பார்ப்பதும் அந்தக் குழுவின் வேலை. தமிழ்நாட்டில் 2022இலும் 2024இலும் இந்தக் குழுக்களைத் திருத்தி அமைத்தார்கள்.

காகிதத்தில் நம் அம்மாக்கள் பெரும்பான்மை. நடைமுறையில்? வேலை நாளில், பள்ளி நேரத்தில் கூட்டம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்? பதிவேடு வீட்டுக்கு வரும். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவோம். எதற்குக் கையெழுத்து என்று நாமும் கேட்பதில்லை. பூலே தம்பதியர் 1855இல் இரவில் விளக்கேற்றினார்கள். நாம் ஒரு கூட்டத்தை மாலை 6 மணிக்கோ ஞாயிற்றுக்கிழமையோ வைக்கச் சொல்லிக் கேட்கக் கூடாதா? எழுதிக் கொடுங்கள். குழுவில் பெரும்பான்மை நாம்தான்.

நாம் யாரை உள்ளே விடுகிறோம்?

இதுவரை மற்றவர்களைக் கேட்டேன். இனி நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

2018 ஜூலையில் அவிநாசிக்குப் பக்கத்துத் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். 1960 நவம்பரில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ரூபி பிரிட்ஜஸ் என்ற 6 வயதுக் கறுப்பினச் சிறுமி வெள்ளையர் பள்ளிக்குள் காவலர் புடைசூழ நுழைந்தபோது, வெள்ளைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை வெளியே இழுத்துக்கொண்டார்கள். ஓர் ஆண்டு முழுவதும் ஒரே ஓர் ஆசிரியர் அந்தச் சிறுமிக்குத் தனியாகப் பாடம் நடத்தினார். எங்கும் பெற்றோர்தான் பள்ளிக்குள் சாதியையும் நிறவெறியையும் கொண்டுவருகிறார்கள். அப்படியானால் பெற்றோரைச் சேர்க்காமல் பள்ளியைச் சமத்துவமாக்கவும் முடியாது.

நம் தெருக்களுக்குள் இது இல்லையா? கன்னடம் பேசும் நம்மவர், தெலுங்கு பேசும் நம்மவர், தமிழ் பேசும் நம்மவர் என்று மூன்று தெருக்கள். ஒரு தெருக்காரர் குழுத் தலைவரானால் இன்னொரு தெருக்காரர் கூட்டத்துக்கு வருவதில்லை. இதை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். மேடையில் 'நாம்' என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் தெருவாகப் பிரிந்து உட்கார்ந்தால் அந்த 'நாம்' எங்கே இருக்கிறது?

அடுத்து, வெளி மாநிலத்துக் குடும்பங்கள். கல் குவாரியிலும் கோழிப்பண்ணையிலும் கட்டட வேலையிலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் நம்மைப் போன்ற தலித்துகள், ஆதிவாசிகள். அந்தப் பிள்ளைகள் பகலெல்லாம் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். மாற்றுச் சான்றிதழ் இல்லை, ஆதார் இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது. 14ஆம் பிரிவின்படி வயதுச் சான்று இல்லை என்று மறுக்க முடியாது. 4ஆம் பிரிவின்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். இதைத் தலைமையாசிரியரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம். ஆனால் 'வடக்கத்தியான் பிள்ளை நம்ம பிள்ளையோட எதுக்கு' என்று நம் தெருவிலேயே ஒரு குரல் கேட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் என் அம்மா நின்ற படிக்குக் கீழே இன்று ஓர் ஒடியாத் தாய் நிற்கிறாள். இந்தமுறை படிக்கு மேலே நிற்பது நாம்.

ஊர்க் குடும்பங்களையும் நம் பள்ளிக்கு அழைக்க வேண்டும் என்பது என் கருத்து. இதில் உங்களில் சிலருக்கு உடன்பாடு இருக்காது. நம் தெருவுக்குள் வந்து, நம் அக்கா சமைத்ததைச் சாப்பிட்டு, நம் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார அவர்கள் பிள்ளைகள் வரட்டும். பொதுப் பள்ளி என்றால் எப்போதும் நாம் ஊருக்குள் போவது என்றே அர்த்தமா? ஒருமுறை ஊர் நம்மிடம் வரட்டும். நான் கேட்பது கெஞ்சல் இல்லை. இடத்தின் சொந்தக்காரர்களாக நின்று அழைக்கும் அழைப்பு.

இதோடு சேர்ந்த ஒரு விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. 2023 நிதிநிலை அறிக்கையில் நலத்துறைப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்க்கப்போவதாக அறிவித்தார்கள். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் தலித் மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது என்றது. 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக அறிவித்தார்கள். பெயர் போகட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் பெயரோடு சேர்த்து நிலமும் கட்டடமும், அந்தப் பள்ளிமேல் நம் மக்களுக்கு இருந்த பிடியும் போய்விடக் கூடாது. அந்தப் பிடி பெயர்ப்பலகையில் இல்லை. பள்ளிக்குள் நம் பெற்றோர் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. பெற்றோர் இல்லாத பள்ளியை மூடுவது சுலபம். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

ஜூனுக்குள்

ஆகவே சில வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன். பெரிய வேலைகள் அல்ல.

பள்ளி திறக்கும் நாளில் காலனிப் பள்ளி வாசலில் நம் அரங்கத்துத் தோழர்கள் நால்வர் இருக்க வேண்டும். வரும் ஒவ்வொரு தாயையும் தகப்பனையும் பாட்டியையும் உள்ளே அழைத்து நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். நாற்காலி போதவில்லை என்றால் இந்தக் கூட்டத்துக்கு எடுத்துவந்த நாற்காலிகளை அங்கே கொண்டுபோவோம்.

சேர்க்கைப் படிவத்தில் அம்மாவின் பெயர் இருக்க வேண்டும். படிவத்தை அவர்களுக்குத் தெரிந்த மொழியில் வாசித்துக்காட்டி, எழுதியது சரியா என்று கேட்ட பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். பிறந்த தேதி தெரியாது என்றால் சிரிக்காமல், எந்தப் பயிர், எந்தத் திருவிழா என்று கேட்டுக் கணக்கிட வேண்டும்.

கல்லூரி மாணவர்கள் மாதத்துக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். குழுக் கூட்டத்தின் பதிவேட்டை வாசித்துக்காட்டுங்கள். என்ன பணம் வந்தது, எதற்குப் போனது என்று அம்மாக்களோடு உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர்களை எதிரியாக நினைக்காதீர்கள். ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் இழுத்துக்கொண்டு திணறுகிறவர்கள் அவர்கள். துணைக்கு ஆள் வந்தால் பலர் மகிழ்வார்கள். மகிழாதவர்களிடம் 24ஆம் பிரிவைக் காட்டுங்கள்.

அந்த ஷிப்ட் தங்கையைப் போன்றவர்களிடம் அரசுப் பள்ளிக்கு வா என்று போதிக்காதீர்கள். ஒரு நாள் பள்ளிக்கு வந்து பார், பிடித்திருந்தால் சேர் என்று கூப்பிடுங்கள். அவள் கேட்கிற கேள்விக்குப் பள்ளியில் பதில் இல்லை என்றால் அதைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த வளர்ச்சித் திட்டத்தில் முதல் வரியாக அது இருக்கட்டும்.

என் மகள் காலனிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முடித்தபோது ஒரு சிறிய விழா நடந்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பழக்கதோஷம், படிக்குக் கீழேயே நின்றார். ஓர் இளம் டீச்சர் இறங்கி வந்து, 'வாங்க பாட்டி, உள்ள வந்து உக்காருங்க' என்று கையைப் பிடித்து அழைத்துப்போனார். அம்மா உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் தெலுங்கில் கேட்டார்: "இவங்க என் பேரைக் கேட்டாங்க. சொல்லட்டுமா?"

ஒரு பள்ளியில் தன் பெயரைச் சொல்ல என் அம்மாவுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. அந்த ஒடியாத் தாய்க்கு நாற்பது நாள்கூட ஆகக் கூடாது. ஜூனில் வாசலில் சந்திப்போம்.